அப்பாவின் இடது தோளும் எஞ்சின் கைப்பிடியும்

அப்பாவுக்கு இடது தோள்பட்டையில் வலி தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. வைத்தியம் பார்க்கும் ஆசான் ஒருவர் வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வந்து எண்ணெய் போட்டுத் தடவிவிட்டார். அம்மா ராத்திரியில் சுடுதண்ணீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தார். கையைத் தூக்கிச் சட்டை போடவே அப்பா சிரமப்பட்டார். அறுபதைத் தாண்டியவர், சின்ன வயதிலிருந்தே கடலுக்குப் போகிறவர், வலி வரத்தானே செய்யும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். வலது தோள் நன்றாகத்தான் இருந்தது. வலையை இரண்டு கையாலும்தானே இழுக்கிறார், ஒரு தோள் மட்டும் ஏன் வலிக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு நாகர்கோவிலில் இருசக்கர வாகனம் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் முட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தால் திங்கள் காலையில்தான் திரும்புவேன். ஆடி முடிந்த ஒரு சனிக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் பூவரச மரத்தடியில் பைக்கை நிறுத்தப் போனேன். அங்கே மர ஸ்டாண்டில் அப்பாவின் எஞ்சின் நின்றது. வள்ளத்தின் பின்பலகையில் வெளிப்பக்கமாக மாட்டும், மண்ணெண்ணெயில் ஓடும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு, எங்கள் கடற்கரையில் பாதி வள்ளங்களில் இருக்கும் அதே வகைதான். வள்ளத்தைத் திசை திருப்பும் அதன் கைப்பிடி வழியில் நீட்டிக்கொண்டிருந்ததால் ஒரு கையால் தள்ளிவிடப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். கைப்பிடி திரும்புவதற்குப் பதிலாக ஸ்டாண்டே திரும்பியது.

“அப்பா, இது எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“கொஞ்சம் பலமாத்தான் இருக்கு. ஓட்டத்துல லேசாயிரும் மக்களே. பழகிப்போச்சு.”

சொல்லிக்கொண்டே வந்து, எப்படித் திருப்புவது என்று காட்டினார். கையால் திருப்பவில்லை. இடது கையால் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, உடம்பு முழுவதையும் சாய்த்துத் தோளால் தள்ளினார். எஞ்சின் முனகிக்கொண்டே ஒரு சாண் திரும்பியது. அதைப் பார்த்ததும் நான்கு மாத வலியின் காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு நடைக்கு எத்தனை தரம் அப்படித் திருப்பியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கைப்பிடி இறுகுவது ஒரே நாளில் நடக்கும் காரியம் இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும், கையும் அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக பலம் கூட்டிக்கொள்ளும். அதனால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. வெளியிலிருந்து வந்து தொடுகிற ஆளுக்குத்தான் தெரியும். இதை இங்கே எழுதுவதற்குக் காரணமே அதுதான். உங்கள் வீட்டில் வள்ளம் ஓட்டுகிறவர் இருந்தால், எஞ்சின் கரையில் நிற்கும்போது ஒருமுறை நீங்கள் போய்க் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள்.

தோள்வலி ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் ஊரில் துறைமுகத்துக்குள் போய்க் கட்டும் வசதி எல்லா வள்ளத்துக்கும் இல்லை, பல வள்ளங்கள் மணலிலிருந்து நேரே அலைக்குள்தான் இறங்குகின்றன. பெரிய அலைகள் சேர்ந்தாற்போல் வந்து போகும், பிறகு சிறிது நேரம் கடல் அடங்கும். அந்த இடைவெளிக்காகக் காத்திருந்து, எஞ்சினை முடுக்கி, அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்முனையை, அலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெளியே பாய வேண்டும். திரும்பி வரும்போது இன்னும் கடினம். அலை பின்னாலிருந்து அமரத்தை, அதாவது வள்ளத்தின் பின்முனையை, தூக்கும். தூக்கும்போது வள்ளம் ஒரு பக்கமாக விலகப் பார்க்கும், அந்த நொடியிலேயே கைப்பிடியைத் திருப்பிச் சரிசெய்தாக வேண்டும். அரை நொடி தாமதித்தால் வள்ளம் அலைக்குக் குறுக்கே விழும். குறுக்கே விழுந்த வள்ளத்தை அடுத்த அலை புரட்டிவிடும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் அலை புரட்டி எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்பது கன்னியாகுமரி மாவட்டம் முழுவதற்கும் தெரியும். அவை எல்லாவற்றுக்கும் மணல் சேர்வது, அலையின் போக்கு என்று வேறு காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அப்படிப்பட்ட ஒரு வாய்க்குள் நுழையும்போது கையில் இருக்கும் ஒரே ஆயுதம் இந்தக் கைப்பிடிதான். அது இறுகிப்போய் நிற்கலாமா?

அப்பாவின் சின்ன வயதில் கட்டுமரமும் துடுப்பும்தான். 1980களில் முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டினார்கள், அவுட்போர்டு எஞ்சினும் பரவியது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் வள்ளங்களும் எஞ்சின்களும் ஏராளமாக வந்தன. எஞ்சின் வந்த வேகத்துக்கு அதைப் பேணும் பழக்கம் வரவில்லை என்பது என் எண்ணம். பிளக் மாற்றுவார்கள், கார்பரேட்டர் கழுவுவார்கள், ஏனென்றால் அவை கெட்டால் எஞ்சின் நின்றுவிடும். கைப்பிடி இறுகினால் எஞ்சின் நிற்பதில்லை. அதனால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

இறுகுவது எங்கே என்று தெரிந்தால்தான் விடுவிக்க முடியும். பழைய ஓட்டு வீடுகளில் கீல் இல்லாத கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். கதவின் ஓரத்தில் மேலும் கீழும் ஒரு குடுமி இருக்கும், அது நிலையில் உள்ள குழியில் உட்கார்ந்து சுழலும். மழைக்காலத்தில் அது இறுகிக் கிறீச்சிடும், பாட்டி குழியில் ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவார். அவுட்போர்டு எஞ்சின் திரும்புவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். வள்ளத்தின் பின்பலகையில் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பு இருக்கிறதல்லவா, அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் அலுமினியத்தில் வார்த்த ஒரு துண்டு உண்டு. ஸ்விவல் பிராக்கெட் என்பார்கள். அதற்குள் செங்குத்தாக ஒரு குழல். குழலுக்குள் எஞ்சினோடு சேர்ந்த ஒரு தண்டு. தண்டுக்கும் குழலுக்கும் நடுவே மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பிளாஸ்டிக் புஷ், அதாவது தண்டைச் சுற்றி உட்காரும் வளையம். நடுவில் உள்ள வெற்றிடத்தை கிரீஸ் நிரப்பியிருக்க வேண்டும். கிரீஸ் அடிப்பதற்குப் பிராக்கெட்டில் பட்டாணி அளவில் ஒரு நிப்பிள் இருக்கும்.

உப்புத்தண்ணீர் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் இந்தக் குழலுக்குள் இறங்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். கிரீஸ் நிறைந்திருந்தால் இடம் கிடைக்காது. கிரீஸ் வற்றினால் நுழைந்துவிடும். நுழைந்தபின் அலுமினியம் அரிக்கும். அலுமினியம் அரித்தால் வெள்ளையாக, சுண்ணாம்பு போல ஒரு பொடி வரும். அந்தப் பொடி, அரித்துப்போன உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே குழல் உள்பக்கமாக வீங்கியதுபோல் ஆகி, புஷ்ஷைத் தண்டோடு சேர்த்து நெரிக்கும். பழைய கிரீஸும் சும்மா இருக்காது. அதிலுள்ள எண்ணெய் பிரிந்து வடிந்துபோக, மிச்சம் காய்ந்த சோப்புக்கட்டி மாதிரி இறுகும். எங்கள் கடற்கரையில் மணலும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

இதெல்லாம் வேகமாக நடப்பது எஞ்சின் ஓடாமல் சும்மா நிற்கும் நாட்களில். மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை. எங்கள் வள்ளங்களுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும், ஆனி, ஆடியில் கடல் அடிக்கிற நாட்களில் இறங்க முடியாமல் எஞ்சின் வீட்டில்தான் கிடக்கும். உப்போடு கொண்டுவந்து வைத்த எஞ்சின் அப்படியே இரண்டு வாரம் நின்றால் போதும்.

சரி, அன்று செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது இறுக்கும் ஸ்குரூ. கைப்பிடி வைத்த எஞ்சின்களில், திருப்புவதற்கு எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று வைத்துக்கொள்ள ஒரு ஸ்குரூவோ சின்ன நெம்புகோலோ பிராக்கெட் பக்கத்தில் இருக்கும். யாராவது அதை முழுக்க முறுக்கிவிட்டு மறந்திருந்தால், கோளாறே இல்லாத எஞ்சினை நாம் கழற்றிக்கொண்டிருப்போம். அதைத் தளர்த்தினேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

அடுத்தது நிப்பிள். தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் ஆனது. முந்தைய வருடம் ஒரு கடையில் சர்வீஸ் செய்து பெயின்ட் அடித்துத் தந்திருந்தார்கள், நிப்பிளின் மேலேயே அடித்திருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு கிரீஸ் கன்னை மாட்டி அழுத்தினேன். கிரீஸ் உள்ளே போகாமல் நிப்பிளின் ஓரமாகப் பிதுங்கி வந்தது. அதற்கு அர்த்தம், உள்ளே வழி அடைத்திருக்கிறது. பலமாக அழுத்திப் பிரயோஜனமில்லை. சின்ன ஸ்பேனரால் நிப்பிளைக் கழற்றினேன். நிப்பிள் ஸ்பேனர் பிடிக்கும் இடம் மெல்லியது, அதில் உப்புப் பிடித்திருந்தால் முறிந்து உள்ளேயே நின்றுவிடும். கழற்றுவதற்கு முன்னால் நான் ஊடுருவும் எண்ணெய் ஸ்ப்ரே அடித்துவிட்டு ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டேன். ஓட்டையில் சைக்கிள் ஸ்போக் கம்பியை விட்டுக் குத்தினேன். பழுப்பாக, காய்ந்த மெழுகு போல உதிர்ந்தது. அதில் ஈரம் என்பதே இல்லை.

இந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். “ஒரு ஜி.ஐ. பைப்பைக் கைப்பிடியில மாட்டி ஒரே இழு, வந்துரும்” என்றார். நான் பதில் சொல்வதற்கு முன் அப்பா குறுக்கிட்டார். “வேண்டாம்லே. அடிக்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். அது உப்புப் பிடிச்சதாக்கும். பைய விட்டாத்தான் விடும்.”

அப்பா சொன்னது அனுபவத்தில். காரணம் இயந்திரத்திலும் இருக்கிறது. கைப்பிடி எஞ்சினோடு சேரும் இடம் வார்ப்பு அலுமினியம். அது வளையாது, பிஸ்கெட் மாதிரி ஒடியும். நீளமான பைப்பை மாட்டி இழுத்தால் இறுகிய தண்டு விடுவதற்கு முன் அந்த இடம்தான் விட்டுப்போகும். அப்படியே திருப்ப வேண்டுமென்றால் கைப்பிடியைத் தொடாமல், எஞ்சினின் கால் பகுதியை, அதாவது புரொப்பல்லர் இருக்கும் அடிப்பாகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்ப வேண்டும். அது கனமான, பலமான பாகம். பிடிக்கும்போது எஞ்சின் ஸ்டாண்டோடு சாயாமல் இன்னொருவர் கிளாம்பைப் பிடித்துக்கொள்ளட்டும். 35, 40 கிலோ இரும்பும் அலுமினியமும் காலில் விழுந்தால் தாங்காது.

மருந்துக்கடையில் பத்து மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கிவந்தேன். மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் சம பாதி கலந்து, நிப்பிள் ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டேன். மேல் புஷ் இருக்கும் விளிம்பிலும் விட்டேன். மண்ணெண்ணெய் மெலிதானது, நுண்ணிய இடுக்கிலும் இறங்கிக் காய்ந்த கிரீஸைக் கரைக்கும். ஆயில் பின்னாலேயே போய் வழுக்கல் கொடுக்கும். இருட்டும் வரை அரை மணிக்கு ஒருமுறை நிரப்பினேன். அப்புறம் அப்படியே விட்டுவிட்டேன். இந்த வேலைக்குத் தேவையானது ஒரு ராத்திரி. பலர் இந்த ஒரு ராத்திரிக்குப் பொறுமையில்லாமல்தான் சுத்தியலை எடுக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. காலைப் பூசை முடிந்து வந்ததும் அம்மா ஒரு பானைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார், அப்பாவின் தோளுக்கு ஒத்தடம் கொடுத்த அதே பழைய துணிகளையும் எடுத்துத் தந்தார். துணியைப் பிராக்கெட்டைச் சுற்றிக் கட்டி, வெந்நீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தேன். சூடு இரண்டு வேலை செய்யும். இறுகிய கிரீஸை இளக்கும், அதுதான் பெரிய லாபம். இன்னொன்று, அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். ஒரு மீட்டர் நீளம் 100 டிகிரி சூடேறினால் அலுமினியம் சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளும், இரும்பு சுமார் 1.2 மில்லிமீட்டர்தான். வெளியில் இருப்பது அலுமினியக் குழல், உள்ளே இருப்பது இரும்புத் தண்டு. குழல் சின்னது என்பதால் கிடைக்கும் இடைவெளி முடியின் பருமன்கூட வராது. ஆனால் எண்ணெய் இறங்குவதற்கு அது போதும். கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புஷ் பிளாஸ்டிக், உருகிவிடும். பக்கத்தில் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஓடிய குழாய்கள் இருக்கின்றன, குழலுக்குள் நாமே மண்ணெண்ணெய் ஊற்றியும் வைத்திருக்கிறோம்.

அப்பா கிளாம்பைப் பிடித்துக்கொள்ள, நான் கீழ்ப்பாகத்தைப் பிடித்து இடதும் வலதுமாக ஆட்டினேன். முதலில் ஒரு விரல்கடை அசைந்தது. ஒரே பக்கமாகத் தள்ளாமல் போவதும் வருவதுமாக ஆட்ட வேண்டும், அப்போதுதான் பொடி உதிர்ந்து வழி விடும். கால் மணி நேரம் கழித்து உள்ளே “டக்” என்று ஒரு சத்தம். எதையோ உடைத்துவிட்டேன் என்று நெஞ்சு பதறியது. கீழ் புஷ்ஷைப் பிடித்திருந்த உப்புப்படலம்தான் விட்டிருந்தது. கீழே துரு நிறத்தில் தண்ணீர் வடிந்தது. அடுத்த ஆட்டலில் நன்றாகவே திரும்பியது.

மறுபடி மண்ணெண்ணெய் விட்டு, ஆட்டி, வடியவிட்டு, நாலைந்து தரம் கழுவினேன். வடிவது கறுப்பும் பழுப்பும் போய்த் தெளிவானதும் புது நிப்பிள் மாட்டி கிரீஸ் அடித்தேன். இந்த முறை கன் லேசாக அழுந்தியது. இரண்டு அழுத்து, கொஞ்சம் திருப்பல், மறுபடி இரண்டு அழுத்து. அப்படியே தொடர்ந்தால் மேலும் கீழும் பழைய அழுக்கு கிரீஸ் புழுப்போல நெளிந்து வெளியே வரும். அதன் பின்னால் புது கிரீஸின் நிறம் தெரிகிற வரை அடிக்க வேண்டும். மேலே மட்டும் வந்து கீழே வரவில்லை என்றால் கீழ் வழி இன்னும் அடைத்திருக்கிறது, நிறுத்தக்கூடாது.

கிரீஸ் எது என்று ஒர்க்‌ஷாப்பில் பலர் கேட்பார்கள். தண்ணீரில் கரையாத, கடல் எஞ்சினுக்கென்றே விற்கும் மெரைன் கிரீஸ்தான் சரி. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் ஒரு ட்யூப் பல மாதம் வரும். சாதாரண கிரீஸ் ஒன்றுமே இல்லாததற்குப் பரவாயில்லை, உப்புத்தண்ணீரில் சீக்கிரம் கழுவிப்போகும் என்பதால் இன்னும் அடிக்கடி அடிக்க வேண்டியிருக்கும். எஞ்சினில் வடித்த பழைய ஆயிலை ஊற்றுவதும், தேங்காய் எண்ணெய் விடுவதும் அன்றைக்கு லேசானதுபோல் தோன்றும், ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும். நிப்பிளைத் தவிர, எஞ்சினைத் தூக்கிச் சாய்க்கும் குறுக்குக் குழல், கிளாம்பு ஸ்குரூவின் மரை, இந்த இடங்களிலும் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள்.

ஸ்டியரிங் வீல் வைத்த படகுகளின் கதை வேறு. அங்கே வீலிலிருந்து ஒரு கேபிள் வந்து, அதன் முனையிலுள்ள இரும்புக் கம்பி எஞ்சினின் குறுக்குக் குழல் வழியாகப் போய் எஞ்சினைத் தள்ளும். வீல் இறுகினால் முதலில் கேபிளையும் எஞ்சினையும் இணைக்கும் துண்டைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் லேசாகத் திரும்பினால் குற்றம் கேபிளிலோ குறுக்குக் குழலிலோ இருக்கிறது. குழலைச் சுத்தம் செய்து கிரீஸ் அடிக்கலாம். அடிக்கும்போது கம்பி முழுக்க உள்ளே இழுத்த நிலையில் இருக்க வேண்டும். வெளியே நீட்டிய நிலையில் குழலை கிரீஸால் நிரப்பிவிட்டால், கம்பி திரும்பி வர இடமில்லாமல் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கேபிளின் உள்ளேயே துரு ஏறியிருந்தால் அதற்கு எண்ணெய் வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

வேலை முடிந்து அப்பாவைக் கூப்பிட்டேன். கைப்பிடியை இரண்டு விரலால் தொட்டார், எஞ்சின் முழுக்கத் திரும்பியது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், அவர் முகம் சுருங்கியது. “இவ்வளவு லேசா இருக்கக்கூடாது மக்களே.” அவர் சொன்னது சரி. புரொப்பல்லர் சுழலும்போது எஞ்சினை ஒரு பக்கமாக இழுக்கும். கைப்பிடி மிகவும் லேசாக இருந்து, வலை பார்க்க ஒரு நொடி கையை விட்டால், எஞ்சின் சட்டென்று திரும்பி வள்ளம் வட்டமடிக்கும். அமரத்தில் இருப்பவர் கடலில் விழுவார், வள்ளம் சுற்றி அவர் மேலேயே வரும். அதற்காகத்தான் அந்த இறுக்கும் ஸ்குரூ. அப்பா சொல்லச் சொல்ல நான் அதை முறுக்கினேன். ஒரு கையால் சுலபமாகத் திரும்பும், விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். அந்த அளவில் வைத்தோம். எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்து மாட்டச் சொன்னேன். விழுந்தால் கையோடு கயிறும் வந்து எஞ்சின் நின்றுவிடும். அதில் மட்டும் இன்னும் எங்களுக்குள் வாக்குவாதம் தீரவில்லை.

திங்கள் விடியற்காலை அவர் போய்த் திரும்புவதற்குள் நான் நாகர்கோவில் வந்துவிட்டேன். மத்தியானம் அம்மா போனில் சொன்னார், “அப்பா சட்டையை அவியளே கழற்றிப் போட்டாவ.” வலி உடனே போய்விடவில்லை. ஆசான் இன்னும் ஆறு வாரம் வந்தார். எண்ணெய் வைத்தியமும் சேர்ந்துதான் குணமானது என்று அம்மா சொல்வார், எனக்கு அதில் மறுப்பில்லை.

அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டுப் பூவரச மரத்தடியில் மூன்று எஞ்சின்கள் காத்திருந்தன. இரண்டு இதே முறையில் விட்டன. மூன்றாவது விடவே இல்லை. இரண்டு ராத்திரி ஊறவைத்தும் ஒரு விரல்கடைக்கு மேல் அசையவில்லை. கடைசியில் மேல்பாகத்தைத் தனியாகத் தூக்கி, தண்டைக் கழற்றிப் பார்த்தபோது புஷ் இரண்டும் நசுங்கி, குழலின் உள்சுவரில் வெள்ளைப்பொடி ஓடு மாதிரி படிந்திருந்தது. மெல்லிய எமரி பேப்பரால் பொடியை மட்டும் தேய்த்து எடுத்து, புது புஷ் போட்டோம். அந்த வேலை தனி ஆள் செய்வதில்லை. தூக்குவதற்கு இரண்டு பேரும், போல்ட்டுகளை வரிசை மாறாமல் அடுக்கி வைக்க இடமும் வேண்டும். அந்த எஞ்சின்காரர் இருபத்தைந்து வயதுப் பையன். கைப்பிடி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே மூன்று வருடம் ஓட்டியிருக்கிறான்.

உப்புத்தண்ணீரில் ஓடும் எஞ்சினுக்கு ஏறக்குறைய 50 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். தினமும் ஆறேழு மணி நேரம் ஓடும் எங்கள் எஞ்சின்களுக்கு அது ஒரு வாரத்துக்குச் சற்று மேல். மணிக்கணக்கு யாருக்கும் நினைவிருக்காது என்பதால் சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டோம். கரைக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீரால் உப்பைக் கழுவி, நிப்பிளில் நாலு அழுத்து, கைப்பிடியை இரு பக்கமும் முழுக்க ஒரு திருப்பு. கடல் அடித்து வள்ளம் இறங்காத நாட்களிலும் அந்தத் திருப்பு உண்டு.

போன சனிக்கிழமை பஸ் தாமதமாகி, நான் ஊருக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. அப்பா கிரீஸ் அடித்து முடித்திருந்தார். மரத்தடி விளக்கு வெளிச்சத்தில் பிதுங்கி வந்த மிச்சத்தை இடது கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.